அழுகிறான், சத்தம் வரவில்லை

மருத்துவமனைக் கட்டிலருகே உட்கார்ந்து, ஒரு தாய் இரண்டு மூன்று இரவுகளில் விட்டுவிட்டு எனக்கு எழுதிய கடிதம் என்பது படித்தாலே தெரிகிறது. அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

மகனுக்கு ஒரு வயது பத்து மாதம். 27-வது வாரத்திலேயே பிறந்தவன். பிறந்தவுடன் ஏழு வாரம் தொண்டைக்குள் குழாயோடு வென்டிலேட்டரில் இருந்தான். வீட்டுக்கு வந்த பிறகும் மூச்சு இழுக்கும்போது ஒரு சத்தம் இருந்துகொண்டே இருந்தது. வளர வளரச் சரியாகிவிடும் என்று எல்லோரும் நினைத்தார்கள். சென்ற மாதம் நிமோனியா வந்து மறுபடி வென்டிலேட்டர். இரண்டு முறை குழாயை எடுத்துப் பார்த்தார்கள், இரண்டு முறையும் மூச்சுத் திணறித் திரும்பப் போட வேண்டியதாயிற்று. எண்டோஸ்கோப்பியில் குரல்நாணுக்குக் கீழே மூன்றாம் நிலைச் சுருக்கம் தெரிந்தது. 11 நாட்களுக்கு முன் டிரக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைக்கும் அறுவை. ஏழாம் நாள் அறுவை மருத்துவரே முதல் டியூபை எடுத்துப் புதியது போட்டார். இப்போது வென்டிலேட்டர் தேவைப்படவில்லை, ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்துவிட்டான். மூக்குவழிக் குழாயில் பால் போகிறது.

“கண்ணில் நீர் கொட்டுகிறது, முகம் சிவக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. நான்தான் கையெழுத்துப் போட்டேன். அவன் குரலை நானே எழுதிக் கொடுத்துவிட்டேனோ?” என்று கேட்கிறார் அந்தத் தாய். பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் “டியூபை விரலால் மூடினால் சத்தம் வரும்” என்று சொல்ல, மூடியும் பார்த்திருக்கிறார். குழந்தை துடித்துப்போய்விட்டான். டியூபில் சேரும் சளியை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் செய்யக் கை நடுங்குகிறது. ஒருமுறை செய்தபோது உதடு நீலமாகிவிட்டது, அதிலிருந்து நர்ஸைத்தான் கூப்பிடுகிறார். சளிப் பரிசோதனையில் கிருமி இருப்பதாக வந்தும் மருத்துவர்கள் மருந்து எழுதவில்லை. மாமியார், “புண் காய்ந்துவிட்டதே, வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு போய்விடலாம்” என்கிறார். கணவர், “டியூபை எடுக்கும்வரை இங்கேயே இருப்போம்” என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் இவர். ஏழு வயது அக்காவைத் தம்பியைப் பார்க்க அழைத்து வரலாமா என்பது கடைசிக் கேள்வி.

அம்மா, முதலில் குரல். மற்ற கேள்விகளைவிட அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

உங்கள் மகனின் குரல்நாண்களைக் கத்தி தொடவே இல்லை. துளை போட்டது அவற்றுக்குக் கீழே, மூச்சுக்குழாயின் இரண்டாவது வளையத்திலிருந்து நான்காவது வளையத்துக்குள் ஓர் இடத்தில். நுரையீரலிலிருந்து வரும் காற்று குரல்நாண்களைக் கடந்து போகும்போதுதான் சத்தம் பிறக்கும். இப்போது அந்தக் காற்று பாதி வழியிலேயே டியூப் வழியாக வெளியே வந்துவிடுகிறது. புல்லாங்குழல் பழுதாகவில்லை, ஊதுகிற காற்று அதற்குள் போகவில்லை, அவ்வளவுதான். காற்று மறுபடி மேலே போக வழி கிடைத்தால் சத்தமும் வரும். நீண்ட நாள் குழாய் இருந்த தொண்டை என்பதால் கொஞ்சம் கரகரப்பாக வரலாம்.

அந்தக் கையெழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். வாய்வழிக் குழாய் இன்னும் பல வாரம் உள்ளேயே இருந்திருக்கும். அதைப் பிடுங்கிவிடாமல் இருக்க மயக்க மருந்து ஓடிக்கொண்டே இருந்திருக்கும். அந்தக் குழாய் உரசி உரசித்தான் சுருக்கமே வந்தது. அது இன்னும் இறுகியிருக்கும். ஒரு காலத்தில் தொண்டை அடைப்பான் நோயில் மூச்சடைத்த குழந்தைகளுக்குக் கடைசி நிமிடத்தில் செய்யப்பட்ட அறுவை இது. தடுப்பூசி அந்த நோயை ஒடுக்கிய பிறகு, நாங்கள் இதைச் செய்கிற குழந்தைகளே மாறிவிட்டார்கள். குறைமாதத்தில் பிறந்து, வென்டிலேட்டரால் பிழைத்து, பிழைத்ததற்கான தழும்பைத் தொண்டைக்குள் சுமப்பவர்கள் இன்று நிறையப் பேர். உங்கள் மகன் அவர்களில் ஒருவன்.

அப்புறம் அந்த விரல். இதில் நான் மென்மையாகப் பேச முடியாது. இனி ஒருபோதும் டியூபை மூடாதீர்கள், வேறு யாரையும் மூட விடாதீர்கள். மூன்றாம் நிலைச் சுருக்கம் என்றால் வழியில் 71 முதல் 99 சதவீதம்வரை அடைபட்டிருக்கிறது என்று பொருள். டியூபை மூடியதும் அவன் அந்த ஊசிமுனை இடைவெளி வழியாகத்தான் மூச்சு விட்டாக வேண்டும். அதனால்தான் துடித்தான். பக்கத்துக் கட்டில்காரர் பொய் சொல்லவில்லை, அவர்கள் குழந்தைக்கு மேல்வழி, அதாவது மூக்கு வாயிலிருந்து மூச்சுக்குழாய்க்கு வரும் பாதை, திறந்திருக்கலாம். டிரக்கியாஸ்டமி என்ற பெயர் ஒன்றுதான், அதைப் போட்ட காரணம் ஒவ்வொரு குழந்தைக்கும் வேறு. வார்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்களை ஏற்றுக்கொள்ளுங்கள். செய்முறைகளை மட்டும் நர்ஸிடம் கேட்காமல் செய்துபார்க்க வேண்டாம்.

பேச்சு வால்வு என்று ஒன்றையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். டியூப் முனையில் மாட்டுவது; மூச்சு இழுக்கும்போது திறக்கும், விடும்போது மூடிக்கொள்ளும். வெளிமூச்சு டியூபைச் சுற்றி மேலேறிக் குரல்நாணைத் தொடும். நல்ல கருவிதான். ஆனால் மேலே வழி இல்லாத குழந்தைக்கு அதைப் போட்டால் உள்ளே போன காற்று வெளியே வர முடியாது. எனவே உங்கள் மகனுக்கு அது இப்போதைக்கு அநேகமாகப் பொருந்தாது, சுருக்கத்தை விரித்த பிறகு பார்க்கலாம். போடலாம் என்று முடிவானாலும் தூக்கத்தில் போடக் கூடாது, வெளிப்புறத்தைச் சுற்றி ஊதும் காற்றுப்பை உள்ள டியூபாக இருந்தால் பை ஊதியிருக்கும்போது போடவே கூடாது. அதுவரை அவனோடு பேசிக்கொண்டே இருங்கள். காது கேட்கிறது, மூளை சொற்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளரைக் கேட்டு ‘வேணும்’, ‘போதும்’, ‘வலிக்குது’, ‘அம்மா’ என்று நான்கைந்து சைகைகளை இந்த வாரமே தொடங்குங்கள். சைகை பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை.

நீங்கள் கேட்காத கேள்வி

நாளைக் காலை ரவுண்ட்ஸ் வரும்போது மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: “இவனுக்கு மேல்வழியாகக் காற்று போகுமா?” உங்கள் விவரங்களை வைத்துப் பார்த்தால், போதுமான அளவு போகாது என்றுதான் பதில் வரும். ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், அவசரத்தில் ஓடிவரும் ஒருவர், மருத்துவராகவே இருந்தாலும், பழக்கதோஷத்தில் மூக்கு வாய்மேல் ஆக்சிஜன் மாஸ்க்கை வைத்துவிடக்கூடும். உங்கள் மகனுக்கு அது போதாது. கழுத்துத் துளைவழியாகத்தான் காற்றும் ஆக்சிஜனும் போயாக வேண்டும். பல மருத்துவமனைகளில் இதைக் கட்டிலின் தலைமாட்டில் அட்டையில் எழுதி மாட்டுகிறார்கள்: டியூபின் அளவு, வகை, போட்ட நாள், சக்ஷன் ஆழம், மேல்வழி நிலை. உங்கள் வார்டில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். ஒன்று வீட்டுக் கட்டிலுக்கு, ஒன்று எப்போதும் கூடவே வரும் பைக்கு.

வெள்ளிக்கிழமையா, டியூப் எடுத்த பிறகா?

உங்கள் மாமியார் பார்த்தது சரிதான். தோல் நன்றாக ஆறியிருக்கிறது. முதல் சில நாட்கள் எங்களுக்கே வயிற்றில் புளியைக் கரைக்கும் நாட்கள். தோலிலிருந்து மூச்சுக்குழாய்வரை உறுதியான பாதை இன்னும் உருவாகியிருக்காது, டியூப் நழுவினால் மறுபடி வழி கண்டுபிடிப்பது கடினம். நெஞ்சில் இரண்டு பக்கமும் நூலை ஒட்டி வைத்திருந்தார்களே, அது அதற்காகத்தான்; இழுத்தால் துளை திறந்து நிற்கும். முதல் மாற்றத்தை மருத்துவரே செய்ததும் அதனால்தான். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

ஆனால் வீட்டுக்குப் போகும் தேதியைப் புண் முடிவு செய்வதில்லை. டியூப் வைத்த குழந்தைக்கு வீட்டில் வரக்கூடிய பெரிய ஆபத்துகள் இரண்டு: சளி கட்டியாகி டியூப் அடைத்துக்கொள்வது, டியூப் கழன்று வந்துவிடுவது. அழகாக ஆறிய கழுத்திலும் இரண்டும் நடக்கலாம். உங்கள் மகனுடையது 4.0 அளவு என்று எழுதியிருக்கிறீர்கள். உள்விட்டம் நான்கு மில்லிமீட்டர், ஒரு பென்சிலைவிடச் சன்னம். காய்ந்த சளி ஒரு கட்டி போதும். வார்டில் அது நடந்தால் ஓடிவர ஆள் இருக்கிறது. வீட்டில் அந்த ஆள் நீங்கள்தான். ஆகவே குழந்தை தயாரா என்று பார்ப்பதோடு உங்கள் வீட்டின் நான்கு கைகள் தயாரா என்றும் பார்த்துத்தான் நாங்கள் நாள் குறிப்போம்.

நான்கு கைகள் என்று சொல்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. பயிற்சி பெற்றவர் ஒருவர் மட்டும் என்றால் அவர் தூங்க முடியாது, குளிக்க முடியாது, காய்ச்சலில் படுக்க முடியாது. டியூப் மாற்றவே இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் மாற்ற. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கணவர் சக்ஷன் கற்றுக்கொண்டதாக ஒரு வரிகூட இல்லை. இங்கேயே இருப்போம் என்று அவர் சொல்வதை அக்கறை இல்லாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பயந்த அப்பாக்கள் இப்படித்தான் பேசுவார்கள், நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை தன் கையால் டியூப் மாற்றிய பிறகு அதே ஆள் “எப்போது டிஸ்சார்ஜ்?” என்று கேட்பார்.

அவர் சொல்லும் யோசனையில் இருக்கும் சிக்கல், காலம். இந்தச் சுருக்கத்தைச் சரிசெய்ய முதலில் உள்ளே இருக்கும் வீக்கம் அடங்க வேண்டும். பிறகு சிலருக்கு பலூன் வைத்து விரிப்பார்கள், சிலருக்கு விலா எலும்பின் குருத்தெலும்பை எடுத்து வைத்து அகலப்படுத்துவார்கள், சிலருக்குச் சுருங்கிய பகுதியையே வெட்டி எடுத்து இணைப்பார்கள். எது உங்கள் மகனுக்கு என்பது அடுத்த எண்டோஸ்கோப்பிக்குப் பிறகுதான் தெரியும். மாதங்கள் ஆகும், ஒரு வருடத்தைத் தாண்டவும் செய்யலாம். நடை பழகி, சொல் பழகும் வயதை வார்டில் கழிப்பதற்கும் ஒரு விலை உண்டு. மருத்துவமனைக் கிருமிகள் வேறு.

“நான் இன்னும் தயாராகவில்லை” என்று மருத்துவர்களிடம் சொல்லலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். பயிற்சி முடியாமல் டிஸ்சார்ஜ் செய்ய வேண்டாம் என்று கேட்பது நன்றி கெட்ட செயல் ஆகாது. என் வார்டில் ஒரு தாய் அப்படிச் சொன்னால் அவர் விஷயம் புரிந்தவர் என்று நான் நிம்மதி அடைவேன். மாறாக, மாமியாரின் சொல்லுக்காக மருத்துவ ஆலோசனைக்கு எதிராகக் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போகும் வழி ஒன்றும் இருக்கிறது. அதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் கையெழுத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

கிளம்பும் முன் இவை நடந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள்:

- நீங்களும் கணவரும் தனித்தனியாக, யாரும் எடுத்துக்கொடுக்காமல், சக்ஷன் செய்து காட்டியிருக்க வேண்டும். நர்ஸ் அருகில் நிற்க, ஆளுக்கு இரண்டு முறையாவது டியூப் மாற்றியிருக்க வேண்டும்.
- அடைப்பு, கழன்றுவிடுதல் இரண்டையும் பொம்மையில் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கான உயிர்காக்கும் முதலுதவியும் அதில் சேர்த்தி.
- மருத்துவமனையிலேயே ஓர் அறையில் 24 முதல் 48 மணி நேரம், நர்ஸ் கை வைக்காமல், முழுப் பராமரிப்பையும் நீங்கள் இருவரே செய்திருக்க வேண்டும். இரவு உட்பட.
- சக்ஷன் கருவி (மின்சாரம் போனாலும் ஓடும் ஒன்று), ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை), பல்ஸ் ஆக்சிமீட்டர், மாற்று டியூபுகள் எல்லாம் கைக்கு வந்து, இயக்கிப் பார்த்திருக்க வேண்டும். “வீட்டுக்குப் போனதும் வந்துவிடும்” என்ற பதிலை ஏற்காதீர்கள்.
- நள்ளிரவில் யாரை அழைப்பது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டு வாரம் என்று வார்டில் சொல்லியிருப்பது நியாயமான கணக்கு. முன்னேயும் முடியலாம், பின்னேயும் போகலாம். மாமியாருக்கு இந்தப் பட்டியலையே காட்டுங்கள். முடிந்தால் அவரையும் மூன்றாவது ஆளாகப் பயிற்சிக்கு உட்கார வையுங்கள். ஒரு சக்ஷனை நேரில் பார்த்தவர்கள் வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

நடுங்கும் கைக்கு

உதடு நீலமானது உங்கள் கை ஆகாத கை என்பதற்கு அடையாளம் இல்லை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: புதிதாகக் கற்பவர் ஒரே முறையில் எல்லாச் சளியையும் எடுத்துவிடப் பார்ப்பார். சக்ஷன் குழாய் உள்ளே இருக்கும்வரை குழந்தையின் மூச்சுவழி பாதி அடைபட்டிருக்கிறது, போதாததற்கு உள்ளே இருக்கும் காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறோம். எனவே ஒருமுறைக்கு 5 நொடி, மிஞ்சினால் 10 நொடி. வாய்விட்டு எண்ணுங்கள். கூடவே நீங்களும் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். ஆனால் உங்களுக்கு முட்டும் முன்பே அவனுக்கு முட்டிவிடும், எண்ணிக்கையைத் தாண்டாதீர்கள். எடுத்துவிட்டு அவன் நாலு மூச்சு விட்டுத் தேறட்டும், தேவையென்றால் மறுபடி.

அளவுகளும் முக்கியம். பொதுவாக டியூபின் எண்ணை இரண்டால் பெருக்கினால் சக்ஷன் குழாயின் எண் வரும், 4.0 டியூபுக்கு 8. உறிஞ்சும் அழுத்தம் 80 முதல் 120 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள். ஆழத்தைக் கண்ணால் குறிவைக்க வேண்டாம். அதே அளவு மாற்று டியூப் ஒன்றில் விட்டுப் பார்த்து, நுனி டியூபின் முனையை எட்டும் இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி, தடுக்கும்வரை தள்ளினால் மூச்சுக்குழாயின் உள்தோல் காயப்படும், ரத்தம் கசியும், நாளடைவில் அங்கே சதை வளர்ந்து அதுவே ஓர் அடைப்பாகும். ஒவ்வொரு முறையும் உப்புநீரை ஊற்றிவிட்டு உறிஞ்சும் பழக்கத்தை வார்டில் பார்த்திருக்கலாம். வழக்கமாக அது தேவையில்லை.

எப்போது சக்ஷன்? கடிகாரத்தைப் பார்த்துச் செய்வதைவிடக் குழந்தையைப் பார்த்துச் செய்வது நல்லது. கரகர சத்தம், டியூப் வாயில் நுரை, காரணமில்லாத அமைதியின்மை, வேகமான மூச்சு, மூக்கு விடைப்பது, விலாவுக்கு நடுவே குழி விழுவது. இவற்றோடு தூங்கும் முன்பும் எழுந்ததும் ஒருமுறை, குழாய் தடையில்லாமல் இறங்குகிறதா என்று பார்க்கவாவது. ஐந்தாறு நாளில் அந்தச் சத்தத்தின் வித்தியாசம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும். பக்கத்து அறையிலிருந்தே “சளி வந்துவிட்டது” என்று சொல்லும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு ஸ்டெதஸ்கோப் வைத்தால்தான் தெரியும்.

சளி கட்டியாகாமல் பார்ப்பது சக்ஷனைவிடப் பெரிய வேலை. மூக்கு செய்துவந்த மூன்று காரியங்கள், காற்றைச் சூடாக்குவது, ஈரமாக்குவது, வடிகட்டுவது, இப்போது நடக்கவில்லை. டியூப் முனையில் மாட்டும் சிறு வடிகட்டி ஒன்று உண்டு, செயற்கை மூக்கு என்று சொல்வோம். வெளிமூச்சின் ஈரத்தைப் பிடித்து உள்மூச்சுக்குத் திருப்பித் தரும். தினமும் மாற்ற வேண்டும், சளி பட்டு நனைந்தால் உடனே. அவனுக்குப் போதுமான நீர் உள்ளே போகிறதா என்றும் கவனியுங்கள். உடம்பில் நீர் குறைந்தால் சளி பசையாகும். புகை, முகப்பவுடர், ஸ்பிரே, பஞ்சு பறக்கும் போர்வை எதுவும் பக்கத்தில் வேண்டாம். குளிப்பாட்டுவது ஆழமில்லாத நீரில், கழுத்துக்கு மேல் தண்ணீர் ஊற்றாமல்.

அடைத்துவிட்டால், கழன்றுவிட்டால்

இதை வார்டில் கைப்பழக்கமாகக் கற்க வேண்டும், என் எழுத்து அதற்கு ஈடாகாது. ஆனாலும் வரிசை மனதில் இருக்கட்டும். உதவிக்குக் குரல் கொடுங்கள். செயற்கை மூக்கைக் கழற்றுங்கள். சக்ஷன் குழாயை விடுங்கள். இறங்கி, சளி வந்து, குழந்தை தெளிந்தால் சரி. இறங்கவில்லை என்றாலோ தெளியவில்லை என்றாலோ இன்னும் உறிஞ்சிப் பார்த்து நேரத்தைக் கழிக்காதீர்கள், டியூபை மாற்றுங்கள். அதே அளவு போகவில்லையா, அரை அளவு சிறியதைப் போடுங்கள், உங்களுக்கு 3.5. அதுவும் போகவில்லை, மூச்சும் இல்லை என்றால் கழுத்துத் துளைவழியாகவே மூச்சுக் கொடுக்க வேண்டும். மேல்வழியைப் பற்றி முன்பு சொன்னது இங்கேதான் உதவும்.

டியூப் கழன்று விழுந்தால் பதறிப்போய் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வேண்டாம். முதலில் டியூப், பிறகு பயணம். துளை அப்படியே திறந்திருக்கும் என்ற நம்பிக்கையும் தவறு. இந்த வயதில் அது விரைவாகச் சுருங்கும். அதனால்தான் அவசரப் பை ஒன்று குழந்தையோடு எப்போதும் இருக்க வேண்டும் என்கிறோம், வாசலுக்குப் போனாலும் சரி: அதே அளவு டியூப், அரை அளவு சிறியது, டியூபைக் கட்டி நிறுத்தும் கழுத்துப்பட்டி, கத்தரிக்கோல், வழவழப்பு ஜெல், சக்ஷன் குழாய்கள், கையடக்க சக்ஷன், ஆம்பு பேக்.

கழன்றுவிழுவதில் பெரும்பகுதி தளர்ந்த பட்டியால் வருவது. கழுத்துக்கும் பட்டிக்கும் நடுவே உங்கள் விரல் ஒன்று நுழைய வேண்டும், இரண்டு நுழையக் கூடாது. குழந்தையை உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னே குனியவைத்துச் சரிபாருங்கள். படுத்திருக்கும்போது கச்சிதமாகத் தெரிவது எழுந்ததும் தொளதொளத்துவிடும்.

ரத்தம் பற்றி ஒரு வார்த்தை. சக்ஷனில் இளஞ்சிவப்பு இழை ஒன்றிரண்டு வருவது பயப்படும்படியானது இல்லை. சிவப்பு ரத்தமாகவே வந்தால், அளவு கொஞ்சமாகத் தோன்றினாலும், அதுவாகவே நின்றாலும், உடனே மருத்துவமனை.

இரவைப் பற்றியும் யோசித்து வையுங்கள். சத்தம் இல்லாத குழந்தை உங்களை அழுது எழுப்ப முடியாது. பல்ஸ் ஆக்சிமீட்டரின் அலாரம் அதற்குத்தான். ஆனால் அது காட்டும் ஆக்சிஜன் எண் தாமதமாகத்தான் இறங்கும். டியூப் அடைக்கத் தொடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நல்ல எண்ணையே காட்டும். எண்ணை நம்பி முகத்தைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். முதல் வாரங்களில் முறைபோட்டுக்கொண்டு ஒருவர் விழித்திருப்பதுதான் நல்லது.

மற்ற கேள்விகள், சுருக்கமாக

சளியில் கிருமி: மருந்து கொடுக்காதது அலட்சியம் இல்லை. டியூப் வைத்த கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளின் சளியிலும் ஏதாவது ஒரு கிருமி வளரும். அது குடியிருக்கிறது, நோய் செய்யவில்லை. காய்ச்சல், சளி திடீரென அதிகமாவது, மஞ்சள் பச்சையாகக் கெட்டியாவது, நாற்றம், ஆக்சிஜன் தேவை கூடுவது, இவை சேர்ந்து வந்தால்தான் மருந்து. அறிக்கையில் பெயர் இருக்கிறது என்பதற்காகக் கொடுத்துக்கொண்டே போனால், உண்மையில் தேவைப்படும் நாளில் எந்த மருந்தும் கேட்காது.

வாய்வழி உணவு: டியூப் இருப்பது மூச்சுக்குழாயில், உணவுக்குழாயில் இல்லை. பல குழந்தைகள் டியூபோடு நன்றாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால் நீங்களாகத் தொடங்க வேண்டாம், விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். தொடங்கிய பிறகு சக்ஷனில் பாலோ உணவின் நிறமோ வந்தால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள். சோதனையைத் தள்ளிப்போடவும் விடாதீர்கள். மாதக்கணக்கில் வாய்க்கு வேலையில்லாத குழந்தை பிறகு ஸ்பூனைக் கண்டாலே முகத்தைத் திருப்பும்.

ஆயுளுக்கும் டியூபா: உங்கள் மகனின் பிரச்சினை சுருக்கம், அதைத் திறக்க வழிகள் உண்டு என்பதால் எடுப்பதுதான் இலக்கு. ஒரு நாளில் பிடுங்கிவிட மாட்டார்கள். எண்டோஸ்கோப்பியில் வழி திறந்திருப்பது தெரிய வேண்டும். பிறகு சிறிய டியூப், பிறகு மருத்துவமனையில் வைத்து மூடிப் பார்ப்பது, தூக்கத்திலும் கவனிப்பது. அதன்பிறகுதான் எடுப்பார்கள். துளை பெரும்பாலும் தானாகவே மூடும். நீண்ட காலம் டியூப் இருந்தவர்களில் சிலருக்குச் சின்ன ஓட்டை மிஞ்சும், அதைத் தைத்து மூடலாம்.

அக்காவை அழைத்து வாருங்கள். சளி, இருமல் இல்லாத நாளாகப் பார்த்து, கை கழுவச் சொல்லி. வரும் முன்பே சொல்லிவிடுங்கள்: தம்பி கழுத்தில் ஒரு சின்னக் குழாய் இருக்கும், அதுவழியாக மூச்சு விடுகிறான், அழுதால் சத்தம் வராது, அதனால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏழு வயதுக்கு இது தாராளமாகப் புரியும். கட்டிலில் கட்ட ஒரு சின்ன மணியை அவள் கையாலேயே கொண்டுவரச் சொல்லுங்கள், அதை ஆட்டிக் கூப்பிடத் தம்பிக்குக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. குழாய்மேல் விரலோ துணியோ வைக்கக் கூடாது என்பதை மட்டும் அவளிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.